காய்ச்சல் வராத மனிசி

"எனக்கொண்டுமில்லை" எண்டு ஒரு ஆள் சொன்ன உடனை அதை நம்புறதுக்கு இந்தக் கரையிலை எத்தினை பேர் ஆயத்தமா நிண்டவை எண்டு நினைச்சா எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டு வரும். உண்மையிலை நம்பினவையோ எண்டு கேட்டா, அதுவும் இல்லை. நம்புறது வசதியா இருந்தது. அவவுக்கு ஒண்டுமில்லை எண்டாத்தான் சோறு நேரத்துக்கு வரும், தேத்தண்ணி சூடா வரும், வலையிலை பட்டதைக் கழட்டி முடியும். பிறகேன் கிண்டிக் கேக்கினம்?

அவவின்ர பேரை நான் சொல்லமாட்டன். இப்ப அவ பிரான்சிலை மகளோடை இருக்கிறா. பேரைச் சொன்னா ரெலிபோன் எடுத்து, "என்னைப் பற்றிக் கதைக்க என்ன கிடக்கு பிள்ளை" எண்டு கேப்பா. ஊர்காவற்றுறைக்கும் சுருவிலுக்கும் இடையிலை கிடக்கிற எங்கட கரையிலை அவ சம்மாட்டியாற்ற மனிசி. சொந்தமா வள்ளமும் வலையும் வைச்சு, ஆக்களைச் சேர்த்துத் தொழிலுக்குப் போறவரைத்தான் நாங்கள் சம்மாட்டியார் எண்டு சொல்லுறது. வள்ளத்திலை போற ஆக்கள் வெளியூர்ப் பெடியள், அவையளுக்கும் சாப்பாடு அவவின்ர குசினியிலைதான். நான் பக்கத்து வளவு. தையல் மெசினும் நானுமாத் தனிய இருக்கிறன். ரெண்டு வளவுக்கும் நடுவிலை ஒரு கிடுகுவேலி, அதிலை ஆள் நுழையிற அளவிலை ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளாலை நான் பாத்ததைத்தான் சொல்லுறன்.

ஒருக்கா கெளிறு மீன் துப்பரவாக்கேக்கை முள்ளு அவவின்ர உள்ளங்கையிலை ஏறிப்போச்சு. கெளிறு முள்ளெண்டா விசம். வள்ளத்துப் பெடியளிலை ஒருத்தனுக்கு ஏறினா அவன் குழறுறது கோயிலடி வரைக்கும் கேக்கும். இவ கையைச் சீலைத் தலைப்பாலை சுத்திக்கொண்டு மற்றக் கையாலை எல்லாருக்கும் சோறு போட்டவ. முகமெல்லாம் வேர்த்து ஒழுகுது. என்னக்கா எண்டு கேட்டன். "எனக்கொண்டுமில்லை, அடுப்புச் சூடு" எண்டவ. அடுப்பு நூந்து எவ்வளவோ நேரம்.

இன்னொருக்கா கோயில் பெருநாளுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறா, ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் மூடிப்போய்க் கிடக்குது. பல்லுக்குத்து. வந்த சனமெல்லாம் பயித்தம் பணியாரத்தைத் திண்டுகொண்டு, "அக்காவின்ர கைப்பக்குவம் ஆருக்கு வரும்" எண்டு புகழ்ந்தது. வீங்கின கன்னத்தைக் கண்ட ஒருத்தரும் கதைக்கேல்லை. அந்த வரியம் பாதர் பிரசங்கத்திலையே சொன்னவர், பொறுமைக்கு உதாரணம் தேடித் தூரப் போகவேண்டாம், எங்கட பங்கிலையே ஒரு தாய் இருக்கிறா எண்டு. அவ குனிஞ்சுகொண்டு இருந்தா. எனக்கு எழும்பிப் போவமோ எண்டு வந்தது. பொறுமையாம். ஒரு ஆளின்ர பல்லுக்குத்தை வைச்சு மற்றவைக்குப் பிரசங்கம்.

சம்மாட்டியாரையும் சொல்லோணும். கெட்ட மனிசனில்லை. குடி இல்லை, கை நீட்டினதும் இல்லை. ஆனா அவருக்கு ஒரு தும்மல் வந்தாக் காணும், வீடு ஆஸ்பத்திரியாப் போயிடும். கொத்தமல்லி அவியும், வேது பிடிக்கச் சட்டியிலை தண்ணி கொதிக்கும், ரேடியோவின்ர சத்தம் குறையும். "இஞ்சேரும், கால் உளையுது" எண்டு படுத்த படுக்கையிலை இருந்து குரல் வரும். அவ ஓடுவா. அந்த ஓட்டத்திலை அவவுக்கு மூச்சிழுக்கிறது ஆருக்கும் கேக்காது.

மூச்சிழுக்கிறது எண்டது சும்மா சொல்லுற கதையில்லை. அவவுக்குத் தொய்வு. மாரி துவங்கினா நெஞ்சுக்குள்ளை விசிலடிக்கும். அதையும் ஒளிச்சுத்தான் வைச்சிருந்தவ. இழுப்புக்கு வாயிலை அடிக்கிற பம்பை அரிசி வாளிக்குள்ளை போட்டு வைச்சு, இழுப்பு வரேக்கை குசினிக்குப் பின்னாலை போய் நிண்டு அடிச்சுப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி வருவா. கொரோனா வந்த நேரம் ஆஸ்பத்திரியிலை அவவுக்குச் சொல்லி விட்டவை, தொய்வுக்காரருக்கு இந்த வருத்தம் தொத்தினாக் கரைச்சல், தடுப்பூசி வரேக்கை ரெண்டு ஊசியையும் தவறாமல் போடோணும் எண்டு. அந்த ஒண்டை மட்டும் அவ மறக்கேல்லை. எப்ப ஊசி வருமாம் எண்டு பொட்டுக்குள்ளாலை தலையை நீட்டி என்னட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தவ. தனக்கெண்டு அவ ஒண்டைக் கேட்டு நான் கண்டது அதுதான்.

ஊசி எங்கட கோயில் மண்டபத்துக்கே வந்தது. ஊசி போட வந்த நேர்ஸ், நாங்கள் மிசி எண்டு கூப்பிடுறது, கதிரையிலை ஏறி நிண்டு சொன்னவ. வயதுக்கு வந்த பிள்ளையளின்ர தாய், தொண்டை கட்டிப்போன குரல்.

"இஞ்சை கேளுங்கோ. போட்ட கை நோகும், வீங்கவும் கூடும். இரவைக்கு இல்லாட்டி நாளைக்குக் காய்ச்சல் காயும், குளிரும், தலையிடிக்கும், மேல் முழுக்க உளையும். எல்லாருக்கும் வராது, வந்தாப் பயப்பிடாதையுங்கோ. ஒண்டு ரெண்டு நாளிலை போயிடும். வருத்தத்தோடை மல்லுக்கட்ட உடம்பு பழகுது, அவ்வளவுதான். மூச்சு முட்டினா, முகம் வீங்கினா மட்டும் உடனை ஓடி வாங்கோ. மற்றும்படி தண்ணி குடிச்சு, பனடோல் குளிசையைப் போட்டிட்டுப் படுத்திருங்கோ. இன்னொண்டு, ஒரு வீட்டிலை எல்லாரும் ஒரே நாளிலை போடாதையுங்கோ. பாதிப்பேர் இண்டைக்கு, மிச்சப்பேர் நாளைக்கு. ஒருத்தர் படுத்தா மற்றவர் பாக்கலாம்."

என்ன வடிவாச் சொன்னவ. ஆர் கேட்டது? எங்கட கரையிலை ஒரு வள்ளத்து ஆக்கள் எண்டா ஒண்டாப் போவினம், ஒண்டா வருவினம். முடி வெட்டப் போறதெண்டாலும் ஒண்டாத்தான். ஒருத்தன் இண்டைக்குப் படுத்து மற்றவன் நாளைக்குப் படுத்தா வள்ளம் ரெண்டு நாளும் கிடந்துபோகும், அதாலை எல்லாரும் ஒரே நாளிலை போட்டுத் துலைப்பம் எண்டு சம்மாட்டியார் முடிவு கட்டினார். அக்கா மட்டும் நாளைக்கு வாறன் எண்டு நிண்டவ. "நாளைக்கு உம்மை ஆர் கூட்டிக்கொண்டு வாறது? வள்ளத்தோடையே போட்டு முடியும்" எண்டார். கோயில் மண்டபம் எங்கட வேலியிலை இருந்து கூப்பிடு தூரம். அதுக்குக் கூட்டிக்கொண்டு வர ஆளாம்.

ஊசி போட்டாப் பிறகு எல்லாரையும் வாங்கிலை அரை மணித்தியாலம் இருக்க வைச்சவை. அவ எழும்ப எழும்ப மிசி, "இருங்கோ அம்மா" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. அரை மணித்தியாலம் அவ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்ததை நான் அண்டைக்குத்தான் முதன்முதல் பாத்தது.

அண்டு பின்னேரம் ஆம்பிளையள் என்ன செய்தவை தெரியுமோ? நண்டு வலையை ஏத்திக்கொண்டு கடலுக்குப் போய்ப் போட்டிட்டு வந்தவை. "கடலிலை கிடக்கிற எங்களை ஒரு ஊசி என்ன செய்யும்" எண்டு எனக்குக் கேக்கத்தக்கதா ஒரு கதை வேறை. அண்டைக்கே ஊசி போட்ட நான் மிசி சொன்னதைக் கேட்டு, கஞ்சியை வைச்சு, சுடுதண்ணிப் போத்திலுக்குள்ளை தேத்தண்ணி ஊத்தி வைச்சிட்டுத்தான் படுத்தனான்.

விடியத் தெரிஞ்சது ஊசி என்ன செய்யும் எண்டு. எனக்குக் காய்ச்சல் காய்ஞ்சது, நான் படுத்துக் கிடந்தன், சமைக்கேல்லை, உலகம் அழியேல்லை. பக்கத்து வீட்டு விறாந்தையிலை பாய் விரிச்சுச் சம்மாட்டியாரும் வள்ளத்துப் பெடியளும் வரிசையாக் கிடந்தவை. முனகல் எண்டா முனகல். ஒருத்தனுக்குப் போர்வை வேணும், ஒருத்தனுக்கு வெந்நீர் வேணும், ஒருத்தனுக்கு வயித்தைப் பிரட்டுது, சட்டி வேணும். சம்மாட்டியாருக்கு வாய் கசக்குதாம், நண்டு ரசம் வேணும்.

நண்டு கடலிலை கிடந்த வலைக்குள்ளை. அடுத்த கரையிலை இன்னும் ஊசி போடேல்லை, அங்கத்தை ஆக்கள் பாவம் பாத்து வலையை இழுத்துக்கொண்டு வந்து அவவின்ர முத்தத்திலை போட்டிட்டுப் போட்டினம். நண்டு வாங்கிற கொம்பனி வாகனம் வரமுன்னம் நண்டைக் கழட்டோணும், செத்த நண்டை அவை எடுக்கமாட்டினம். வலையும் பழுதாப் போகும். வழமையிலை பெடியள் எல்லாருமா இருந்து கழட்டுற வலை.

நான் பாயிலை கிடந்தபடி வேலிப்பக்கம் அவவின்ர குரலைக் கேட்டு எழும்பிப் போனன். இடது கைச் சட்டையைக் காட்டி, "பிள்ளை, இந்தக் கையை ஒருக்கா அவிட்டு விடுறியோ, கொஞ்சம் இறுக்குது" எண்டவ. கை வீங்கிச் சட்டை சதைக்குள்ளை வெட்டிக்கொண்டு நிக்குது. தொட்டுப் பாத்தன், அடுப்புச் சட்டி மாதிரிக் கொதிச்சது. பல்லுக் கிட்டி நடுங்குறா.

"அக்கா, உங்களுக்குக் காய்ச்சல். போய்ப் படுங்கோ."

"எனக்கொண்டுமில்லை. காத்து."

"என்ன காத்து? நெருப்பா வெயில் எறிக்குது. பனடோல் போட்டனியளோ?"

"கிடந்ததை அவையளுக்குக் குடுத்திட்டன்."

என்னட்டை இருந்ததைக் குடுத்தன். சட்டைத் தையலை அங்கையே நிண்டு கத்தரிக்கோலாலை அவிட்டு விட்டன். "ஒரு மணித்தியாலம் படுங்கோ அக்கா, வலை பழுதாப் போனாப் போகட்டும்" எண்டு திட்டினன். சிரிச்சவ. பனடோலை முந்தானையிலை முடிஞ்சுகொண்டு போனவ. அதையும் ஆருக்குக் குடுத்தவவோ தெரியாது.

மத்தியானம் வாளி உருண்ட சத்தம் கேட்டது. ஓடிப்போனா, அவ வலைக்கு மேலை விழுந்து கிடக்கிறா. கழட்டாத நண்டுகள் அவவின்ர சீலையைக் கவ்விக்கொண்டு கிடக்குது. நான் குழறிக்கொண்டு நிக்கேக்கை சம்மாட்டியார் போர்வையோடை எழும்பி வந்தவர். அவர் முதல் சொன்னது, "அடுப்பிலை என்னவோ எரியுது" எண்டு. மனிசன் வேணுமெண்டு சொல்லேல்லை. மணத்துக்குத்தான் எழும்பினது, மனிசி விழுந்ததுக்கு இல்லை. அது எனக்கு இன்னும் ஆறேல்லை.

ஓட்டோவிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனன். என்ர காய்ச்சல் எங்கை போச்சுதோ தெரியாது. சேலைன் ஏத்தினவை, எல்லாம் சோதிச்சவை. டொக்டர் பிள்ளை என்னட்டைச் சொன்னது, காய்ச்சல் ஊசியாலை வந்ததுதான், அது கனபேருக்கு வாறது, அதாலை பயமில்லை. தண்ணி வென்னி இல்லாமல் வெயிலுக்கை நிண்டதுதான் ஆளை விழுத்தினது. தொய்வுக்காரி, ரெண்டாவது ஊசியை விட்டிடாமல் போடப் பண்ணுங்கோ எண்டு. பின்னேரமே வீட்டை விட்டவை.

அவ வீட்டை வரமுன்னம் கதை கடல் தாண்டிப் போட்டுது. எங்கட ஒழுங்கைக் கதையிலை அவ மயங்கி விழுந்தவ. சந்தையடிக் கதையிலை அவவுக்கு ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. நயினாதீவுக்கு வள்ளமேறிப் போன கதையிலை அவ செத்தே போனா. பிரான்சிலை இருந்து மகள் அழுதுகொண்டு எனக்கு எடுக்கிறாள், அம்மாவை எப்ப அடக்கம் எண்டு கேட்டு. நான் போனை அவவின்ர கையிலை குடுத்தன். மகளுக்கு அவ சொன்னது, "எனக்கொண்டுமில்லை பிள்ளை, நீ சாப்பிட்டனியோ?"

அந்த ஒண்டுமில்லைதான் வில்லங்கமாப் போச்சு. நான் ஒவ்வொரு வீட்டுப் படலையிலையும் நிண்டு டொக்டர் சொன்னதைச் சொன்னன். ஆரும் காது குடுக்கேல்லை. அவவிட்டையே போய்க் கேட்டவை, விழுகிறதுக்கு முன்னம் உடம்புக்கு ஏதும் ஏலாமல் இருந்ததோ எண்டு. "ஒண்டுமில்லை, நல்லாத்தான் நிண்டனான்" எண்டவ. காணாதோ சனத்துக்கு? நல்லா நிண்ட மனிசி விழுந்தா, ஊசிதானே விழுத்தினது. காய்ச்சலோடை வேலை செய்தவ, பச்சைத்தண்ணி குடிக்கேல்லை எண்டு சொல்ல அவவுக்கு வாய் வரேல்லை. சொன்னா விறாந்தையிலை கிடந்தவைக்குக் குறையாப் போயிடுமாம். இந்தக் கோவத்திலை நான் அவவோடை ரெண்டு நாள் கதைக்கேல்லை.

ரெண்டாவது ஊசிக்கு மிசி வந்த அண்டைக்கு மண்டபம் வெறிச்சுக் கிடந்தது. சனம் வெளியிலை வேப்பமரத்துக்குக் கீழை நிண்டு, ஆர் உள்ளை போகினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டது. வள்ளத்துப் பெடியளும் அதுக்குள்ளைதான். நான் போட்டிட்டு வாங்கிலை இருந்தன். அப்பதான் சம்மாட்டியார் வந்தார். அவருக்குப் பின்னாலை அவ.

"மிசி, நான் என்ர பங்குக்குப் போடுறன்" எண்டார். "இவவுக்கு இந்த ஊசி ஒத்துவராது. இவவுக்கு இனி வேண்டாம்."

அவ நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவ. ஆனா வெளிக்கிட்டு வந்திருந்தவ. நான் தையல் அவிட்டு விட்ட அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தவ. ஊசி வேண்டாமெண்டு வந்த ஆள் அந்தச் சட்டையை ஏன் போடோணும்? எனக்கு விளங்கினது. மிசிக்கும் என்னவோ விளங்கியிருக்கோணும்.

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" எண்டவ மிசி. "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. அண்டைக்கு என்ன நடந்தது?"

"எனக்கொண்டு..." எண்டு துவங்கினவ அதிலையே நிண்டிட்டா. நெஞ்சுக்குள்ளை விசில் சத்தம் எனக்கு வாங்கடியிலை கேட்டது.

"காய்ச்சல் காய்ஞ்சதோ?"

அவ சம்மாட்டியாரைப் பாக்கேல்லை. மிசியின்ர மேசையைப் பாத்துச் சொன்னவ. "ஓம். விடியவே காய்ஞ்சது. கை தூக்க ஏலாமல் இருந்தது."

"காலமை சாப்பிட்டனியளோ?"

"இல்லை."

"தண்ணி?"

"எல்லாருக்கும் குடுத்தனான்."

"நீங்கள் குடிச்சனியளோ எண்டு கேட்டனான்."

"இல்லை."

"நான் படுத்திருக்கச் சொன்னனானெல்லோ. படுக்கேல்லையோ?"

"படுத்தனான்" எண்டா. "விழுந்தாப் பிறகு."

குரலை உயர்த்தேல்லை. ஆரையும் குத்திக் காட்டவும் இல்லை. கேட்டதுக்குப் பதில் சொன்னா, அவ்வளவுதான். வெளியிலை மரத்துக்குக் கீழை நிண்ட சனம் வாசலடிக்கு வந்து எட்டிப் பாத்தது. சம்மாட்டியார் தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு அதின்ர விளிம்பைத் தடவினார். முகத்தைப் பாக்க எனக்குப் பாவமா இருந்திருக்கோணும். இருக்கேல்லை.

"உங்களை விழுத்தினது ஊசியில்லை அம்மா" எண்டவ மிசி. வேறை ஒண்டும் சொல்லேல்லை. அவ கதிரையிலை இருந்து, சட்டைக் கையை மேலை உயர்த்தி விட்டா.

அதுக்குப் பிறகு சனமெல்லாம் வந்து போட்டது எண்டு சொன்னாப் பொய். கொஞ்சப்பேர் வந்தவை. சிலபேர், "சும்மா ஒரு காய்ச்சலுக்கு மனிசனைச் சபையிலை வைச்சுக் கேவலப்படுத்திப்போட்டா" எண்டு கதைச்சவை. பொறுமையான மனிசி எண்டு பயித்தம் பணியாரம் திண்ட அதே வாயள்தான். வள்ளத்துப் பெடியள் மட்டும் எல்லாரும் ஒரே நாளிலை போடாமல், பாதிப்பேர் அண்டைக்கு, மிச்சப்பேர் அடுத்தநாள் எண்டு தங்களுக்குள்ளை பிரிச்சுக்கொண்டினம். அந்தளவுக்காவது புத்தி வந்தது.

அடுத்தநாள் காலமை குசினிப் புகையைக் காணேல்லை எண்டு பொட்டுக்குள்ளாலை நுழைஞ்சு போனன். அவ விறாந்தையிலை, ஆம்பிளையள் கிடந்த அதே இடத்திலை, பாய் போட்டுப் படுத்திருக்கிறா. ஒழுங்கையாலை போற சனமெல்லாம் பாத்துக்கொண்டு போகுது. போர்வை கழுத்து மட்டும். பம்பு தலைமாட்டிலை, எல்லாருக்கும் தெரியத்தக்கதா. தொட்டுப் பாத்தன், நல்லாக் காயுது.

"எப்பிடியக்கா?"

"காய்ச்சல் பிள்ளை. மேலெல்லாம் உளையுது."

அதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டன் எண்டா நம்புவியளோ? அவவின்ர வாயாலை அந்தச் சொல்லு வந்து நான் கேட்டதேயில்லை. பக்கத்திலை குந்திக்கொண்டன்.

குசினிக்குள்ளை சம்மாட்டியார். இந்தமுறை ஆளுக்குக் காய்ச்சல் இல்லை. கேத்தில் கொதிச்சு மூடி துள்ளுது, டின்னுகள் உருளுது. கலியாணம் கட்டின நாளிலை இருந்து அந்த மனிசன் அங்கை சோத்துக்கோப்பையோடை அல்லாமல் போனதில்லை. கொஞ்ச நேரத்தாலை வாசலுக்கு வந்து நிண்டு கேட்டார்.

"இஞ்சேரும், சீனி எங்கை கிடக்கு?"

அவ எழும்ப வெளிக்கிட்டா. பழக்கம். ஊசி போட்ட கையை ஊண்டினவ, ஏலாமல் திரும்பப் பாயிலை சரிஞ்சா. அவ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணை மூடினா.

"தேடுங்கோ" எண்டா.

உள்ளுக்குப் போய் ஒவ்வொரு டின்னாத் திறந்து மூடுற சத்தம் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.